இருதய நோயாளியின் நித்திரை

மாரடைப்புக் கண்ட ஒருவரை நான்கு வாரமோ ஆறு வாரமோ படுக்கையைவிட்டு அசையவிடாமல் கிடத்தி வைப்பதே சிகிச்சையின் சாரம் என்று வைத்தியர்கள் உறுதியாக நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. கையைத் தூக்கித் தாமே உணவருந்துவதுகூட இருதயத்துக்குப் பாரம் என்று கருதப்பட்ட அந்நாளில், பாஸ்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்னும் இருவர், நோயாளியை நாற்காலியில் உட்கார வைப்பதே நலம் என்று 1952-ஆம் ஆண்டில் துணிந்து எழுதிய பிறகே அந்தக் கெடுபிடி மெல்லத் தளரலாயிற்று. பத்தாண்டு கழிவதற்குள் இன்னொரு மாறுதலும் வந்தது. எடின்பரோவில் டெஸ்மண்ட் ஜூலியன் 1961-இல் எடுத்துரைத்த யோசனையும், அமெரிக்காவின் கான்ஸாஸ் ஸிட்டியில் ஹியூஸ் டே 1962-இல் திறந்த தனிப்பிரிவும், இன்று நாம் ஸி.ஸி.யூ. என்று சுருக்கி வழங்கும் இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வித்திட்டன. இருதயத்தின் லயம் திடீரெனக் குலைந்து மரணம் சம்பவிக்கும் அந்தத் தறுவாயிலேயே அதைக் கண்டுகொண்டு மின் அதிர்ச்சியால் நேர்ப்படுத்த வேண்டுமானால், இரவு பகல் இடைவிடாமல் ஒருவர் கண்விழித்துக் காவல் காக்க வேண்டும் என்பதே அதன் ஆதார தத்துவம்.

அந்தத் தத்துவம் எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஓய்வே மருந்து என்று நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போட்ட பழைய முறையில் ஓரளவேனும் கிட்டிவந்த இரவு உறக்கம், கண்காணிப்பே மருந்து என்ற புதிய முறையில் காணாமற் போயிற்று. காவல் காப்பவர் விழித்திருப்பது அவசியந்தான். காக்கப்படுபவரும் கூடவே விழித்திருக்க வேண்டுமா என்ற கேள்வியை வைத்திய உலகம் வெகுகாலம் எழுப்பவில்லை. எழுப்பிய பிறகு கிடைத்த விடைகள் என்ன, அவற்றுள் எவை உறுதியானவை, எவை வெறும் ஆசையின்பாற்பட்டவை என்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறக்கத்துக்கும் இருதயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை முதலில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான மனிதருக்கு இரவில் ரத்த அழுத்தம் பகலைக் காட்டிலும் பத்து முதல் இருபது சதவீதம் வரை தாழ்கிறது, நாடியும் நிதானப்படுகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் ஓயாது உழைக்கும் அந்தத் தசைக்கு இயற்கை அளித்திருக்கும் விடுமுறை அது ஒன்றே. உறக்கமோ ஒரே சீரான மயக்கம் அன்று. ஏறத்தாழத் தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு சுற்றாக, ஆழ்ந்த நித்திரையும், 1953-இல் ஷிகாகோவில் அஸெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன, மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து உருளும் கனவு நித்திரையும் மாறிமாறி வருகின்றன. முன்னிரவில் ஆழ்ந்த நித்திரை மிகுதி. விடியலை நெருங்க நெருங்கக் கனவு நித்திரை மிகுதி. ஆகவே நள்ளிரவில் தட்டி எழுப்பப்படும் நோயாளி இழப்பது ஒன்று, நான்கு மணிக்கு எழுப்பப்படுபவர் இழப்பது மற்றொன்று. இரண்டு வேளையிலும் எழுப்பப்படுபவர் இரண்டையும் இழக்கிறார். ஒவ்வொரு விழிப்பிலும் நாடி துள்ளுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் பின்வாங்க, பதற்றத்தின் நரம்பு மண்டலம் முன்வந்து நிற்கிறது. அடைபட்ட குழாயை ஸ்டென்ட் வைத்துத் திறந்து ஓரிரு நாளே ஆன இருதயத்துக்கு இது வேண்டாத உபத்திரவம்.

மாரடைப்பு எந்நேரத்தில் அதிகம் நேர்கிறது என்று ஜேம்ஸ் முல்லரும் அவருடைய சகாக்களும் 1985-இல் ஆராய்ந்தபோது, காலை ஆறு மணியிலிருந்து நண்பகல் வரையுள்ள வேளையிலேயே அது உச்சம் பெறுகிறது என்று கண்டனர். உறக்கத்திலிருந்து விழிப்புக்குக் கடக்கும் பொழுது இருதயத்துக்குச் சோதனையான பொழுது என்பதற்கு அதுவே போதிய சான்று. அமெரிக்க இருதயச் சங்கம் இருதய நலனுக்குரிய அம்சங்களாக வகுத்திருந்த ஏழோடு உறக்கத்தையும் எட்டாவதாகச் சேர்த்துக்கொண்டது 2022-இல்தான் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். இவ்வளவு வெளிப்படையான விஷயத்துக்கு அவ்வளவு காலதாமதம்!

ஆஸ்பத்திரியில் உறக்கம் எவ்வளவு குறைகிறது? நெதர்லாந்து தேசத்தில் 39 மருத்துவமனைகளில் 2,005 நோயாளிகளைக் கேட்டறிந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் உறங்குவதைவிட ஆஸ்பத்திரியில் சராசரி 83 நிமிஷம் குறைவாக உறங்கியதாகத் தெரியவந்தது. தம்மை எழுப்பியது வெளிக்காரணமே என்று பத்தில் ஏழு பேர் சொன்னார்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் சப்தம், கருவிகளின் ஒலி, வலி, கழிப்பறைக்குப் போக நேர்வது ஆகியவை பிரதானமாகக் குறிப்பிடப்பட்டன. அவர்கள் சாதாரண வார்டுகளில் இருந்தவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் நிலைமை இதனினும் கடுமை.

சப்தத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அனாவசியமான சப்தம் நோயாளிக்குச் செய்யும் தீங்கைப் பற்றித் தம் செவிலியர் நூலில் ஒரு தனி அத்தியாயமே எழுதியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். வார்டுகளில் இரவுச் சப்தம் சராசரி 30 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1999-இல் வரையறுத்தது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் சப்த மாசு விதிகள், ஆஸ்பத்திரியைச் சுற்றி நூறு மீட்டர் தூரத்தை அமைதி மண்டலமாக்கி, இரவில் 40 டெசிபலை எல்லையாக வைத்தன. வாசலுக்கு வெளியே ஹார்ன் அடிக்கக் கூடாது என்று பலகை தொங்குகிறது. உள்ளே அடிக்கும் ஹார்ன்களைப் பற்றி அந்தப் பலகை பேசுவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் உலகெங்கும் வெளியான அளவீடுகளைத் தொகுத்து 2005-இல் கணக்கிட்டபோது, 1960-இல் 42 டெசிபலாக இருந்த மருத்துவமனை இரவு 60 டெசிபலாக ஏறியிருந்தது. டெசிபல் கணக்கில் பத்துக் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகும். ஆதலால் பதினெட்டுக் கூடியது என்றால் அறுபது மடங்குக்கு மேல் என்று பொருள்.

இது வெறும் அசௌகரியம் மட்டுமா என்று ஐயுறுபவருக்கு ஸ்வீடனின் ஹுட்டிங்கே மருத்துவமனையில் நடந்த பரிசோதனை தக்க விடை அளிக்கிறது. அங்குள்ள இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கூரைப் பலகைகளைச் சில வாரம் ஒலியை எதிரொலிப்பனவாகவும், சில வாரம் ஒலியை உறிஞ்சுவனவாகவும், தோற்றத்தில் மாறுதல் தெரியாத வண்ணம் மாற்றிமாற்றி வைத்து 94 நோயாளிகளைக் கவனித்தார்கள். எதிரொலிக்கும் கூரையின்கீழ்ப் படுத்திருந்தவர்களிடம் இரவு நாடியின் வீச்சு மிகுந்திருந்தது. வீடு திரும்பிய பின் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களும் அவர்களிலேயே அதிகம். பணியாளர்களின் நடத்தையே நல்ல கூரையின்கீழ் இருந்தவர்களுக்குக் கனிவாகத் தோன்றியதாம். இதைச் சிறிய ஆய்வு என்று ஒதுக்கலாம்; ஆயினும் கூரைப் பலகையை மாற்றுவதற்கு ஆகும் செலவையும் ஒரு மறு அனுமதிக்கு ஆகும் செலவையும் ஒப்பிடும் நிர்வாகி ஒதுக்கமாட்டார்.

இத்தனை சொன்ன பிறகு, சப்தத்தின் மீதே எல்லாப் பழியையும் சுமத்துவது தவறு என்றும் சொல்லியாக வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் 22 நோயாளிகளின் மூளை அலைகளையும் அறையின் ஒலியையும் ஒருங்கே பதிவு செய்து ஃப்ரீட்மன் குழுவினர் 2001-இல் வெளியிட்ட கணக்கில், விழிப்புகளில் 17 சதவீதம் மட்டுமே சப்தத்தால் நேர்ந்தவை. பின்னர் வந்த வேறோர் ஆய்விலும் சப்தமும் பணிவிடைகளும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு விழிப்புகளுக்குக்கூடக் காரணமாகவில்லை. நெதர்லாந்துக் கணக்குக்கு இது முரண்படுவதாகத் தோன்றும். உண்மையில் முரண் இல்லை. வியாதி கடுமையாக இருக்கும் கட்டத்தில் வியாதியே உறக்கத்தைக் கலைக்கிறது. நோயாளி தேறிச் சாதாரண வார்டுக்கு வந்த பிறகு, சுற்றியிருப்பவர்கள் கலைக்கிறார்கள். இரண்டு கட்டத்துக்கும் ஒரே பரிகாரம் தேடியதனாலேயே இத்துறையின் முயற்சிகள் பலவும் பாதிப் பலனோடு நின்றுவிட்டன என்பது என் அபிப்பிராயம்.

சப்தங்களுள் இருதயப் பிரிவுக்கே உரியது மானிட்டரின் அலாரம். ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில், 77 தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் 31 நாட்களில் பதிவான எச்சரிக்கைகள் இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் என்று 2014-இல் எண்ணிச் சொன்னார்கள். அவற்றுள் லயக் கோளாறு என்று கூவியவற்றைச் சோதித்துப் பார்த்தபோது நூற்றுக்கு 89 பொய்யாயிருந்தன. புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதைதான்: நர்ஸின் காது மரத்துப்போகிறது, நோயாளியின் காது மட்டும் மரத்துப்போவதில்லை. தம் தலைமாட்டில் ஒலிக்கும் ஒவ்வொரு மணியும் தம் இருதயம் நின்றுபோவதற்கான முன்னறிவிப்பு என்றே அவர் எண்ணுகிறார். அதைப் பொய் மணி என்று அவருக்கு எடுத்துச் சொல்பவர் பெரும்பாலும் இல்லை.

இதற்குப் பரிகாரம் உண்டு என்பதைப் பாஸ்டன் மெடிகல் சென்டரின் இருதய வார்டு நிரூபித்தது. நாடி வேகம் இந்த எல்லையைத் தாண்டினால் ஒலிக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் வைத்தனுப்பிய எல்லைகளை நியாயமான அளவுக்கு விரித்தார்கள்; யாரும் ஏறிட்டுப் பாராமல் தானே ஒலித்துத் தானே ஓயும் எச்சரிக்கைகளை அறவே நீக்கினார்கள்; எஞ்சியவற்றை, ஒருவர் வந்து பார்த்தே தீரவேண்டிய அவசர அழைப்புகளாக ஆக்கினார்கள்; நோயாளிக்கு ஏற்ப எல்லைகளை மாற்றும் அதிகாரத்தை நர்ஸுகளுக்கு அளித்தார்கள். காதில் விழும் அலாரங்கள் 89 சதவீதம் குறைந்தன; அதனால் நோயாளிகளுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. இ.சி.ஜி. ஒயர்கள் பொருத்தும் ஒட்டுப்பட்டைகளைத் தினமும் புதிதாக மாற்றியதனாலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வார்டுகளில் அலாரங்கள் ஏறத்தாழப் பாதி குறைந்தன என்பது இன்னும் எளிய செய்தி. வியர்வையில் பசை காய்ந்த பட்டை ஒன்று ஓர் இரவு முழுவதையும் கெடுக்க வல்லது.

இனி, இவ்விஷயத்தின் மையம் என்று நான் கருதும் ஆஸ்பத்திரியின் கால அட்டவணைக்கு வருகிறேன். பெரிய டாக்டர் எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ் வருவார். வரும்போது ரத்தப் பரிசோதனையின் முடிவு அவர் கையில் இருக்க வேண்டும். ஆகவே விடியுமுன் ரத்தம் எடுத்தாக வேண்டும். இருதயம் தளர்ந்த நோயாளியின் உடலில் நீர் கூடியதா குறைந்ததா என்றறிய எடை பார்க்க வேண்டும்; இரவு ஷிஃப்ட் கலைவதற்குள் அதை முடித்துவிட்டால் காலை ஷிஃப்டுக்குப் பாரம் குறையும். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பி.பி. பார்ப்பது என்ற உத்தரவு, நோயாளி சேர்ந்த அன்று நியாயமாக எழுதப்பட்டது. அவர் தேறிய பிறகும் அதை அடிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து நோயாளிக்கு அநியாயமாக முடிகிறது. ஷிகாகோப் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்று, இரவில் நாடியும் அழுத்தமும் பார்க்க எழுப்பப்படும் தடவைகளில் ஏறத்தாழப் பாதி, நிலைமை மோசமாகும் அபாயம் மிகக் குறைந்த நோயாளிகளுக்கே செய்யப்படுகிறது என்று காட்டிற்று. அபாயம் உள்ளவரை இன்னும் அடிக்கடி பாருங்கள், அபாயமற்றவரை உறங்க விடுங்கள் என்பதே அந்த ஆய்வின் தாத்பரியம்.

மாஸச்சூஸெட்ஸிலுள்ள ஸாமர்வில் மருத்துவமனை இதைச் செயலில் காட்டி, அதன் விளைவை 2010-இல் எழுதியது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை எட்டு மணி நேரத்தை அமைதி வேளையாக்கி, விளக்குகளைத் தணித்து, வழக்கமான பி.பி. பரிசோதனையைக் காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று நகர்த்தினார்கள். இத்தனை மணிக்கொரு முறை என்ற மருந்து உத்தரவுகளை ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று மாற்றினார்கள். நீர் பிரியச் செய்யும் மருந்துகளை மாலை நான்கு மணிக்கு மேல் கொடுப்பதைத் தவிர்த்தார்கள். தூக்க மருந்து கேட்டுப் பெற்ற நோயாளிகள் 32 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தனர். புதிய கருவியோ புதிய கட்டடமோ இதற்குத் தேவைப்படவில்லை.

நீர் மருந்தைப் பற்றிய அந்தச் சிறு மாறுதல் இருதய வார்டில் எவ்வளவு பெரிது என்பது, ஃப்யூரோஸமைட் மாத்திரையை மாலையில் விழுங்கிவிட்டு இரவு நான்கு முறை கழிப்பறைக்கு எழுந்தவர்களுக்குத் தெரியும். அதன் வேகம் சுமார் ஆறு மணி நேரம் நீடிக்கும். இரண்டாம் வேளை மாத்திரையைப் பிற்பகலிலேயே கொடுத்துவிட்டால் இரவு தப்பும். வியாதியே கலைக்கும் உறக்கத்துக்கு இத்தகைய நுட்பமான விசாரணைதான் பரிகாரம். படுத்தால் மூச்சுத் திணறுபவருக்குத் தேவை தூக்க மாத்திரை அன்று. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலும் நுரையீரலில் தேங்கிய நீரை வெளியேற்றும் சிகிச்சையுமே. பைபாஸ் செய்துகொண்டு நெஞ்செலும்பு கூடும் வரையில் மல்லாந்தே படுக்க வேண்டியவருக்கு இரவு மருந்து வேளை தவறாத வலி நிவாரணம் வேண்டும். ப்ரோப்ரனலால், மெட்டோப்ரோலால் முதலிய பீட்டா தடுப்பு மருந்துகள் சிலருக்குத் துர்க்கனவுகளை உண்டாக்குகின்றன. இரவில் சுரக்கும் மெலடோனினையும் குறைக்கின்றன. அம்மருந்து உட்கொள்ளும் 16 பேருக்கு மூன்று வாரம் மெலடோனின் கொடுத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டுப் பரிசோதனையில் உறக்கம் மேம்பட்டது. பதினாறு பேரை வைத்து விதி வகுக்க முடியாது. துர்க்கனவு காண்கிறீர்களா என்று கேட்பதற்கு அது போதும்.

இதைவிடச் சிக்கலானது மூச்சு. பகலில் கால்களில் தேங்கிய நீர் படுத்ததும் கழுத்தை நோக்கி ஏறுவதால் தொண்டை குறுகிக் குறட்டையும் மூச்சடைப்பும் உண்டாவது ஒரு வகை. மூச்சு மெல்லப் பெருகி, மெல்லத் தணிந்து, சிறிது நேரம் நின்றே போய், மறுபடி தொடங்கும் இன்னொரு வகையை ஜான் சேன் 1818-இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-இலும் டப்ளினிலிருந்து வர்ணித்தனர். தளர்ந்த இருதயத்தின் முத்திரை அது. இதைக் கருவியால் சரிசெய்துவிட்டால் இருதயமும் சரியாகும் என்ற நம்பிக்கையோடு 1,325 பேரிடம் நடத்திய பெரும் பரிசோதனை 2015-இல் முடிந்தபோது, மூச்சு சீர்ப்பட்டது, ஆனால் இருதய மரணம் அதிகமாயிற்று என்று கண்டு உலகம் திடுக்கிட்டது. உறக்கத்தை மேம்படுத்தும் எதுவும் தானாகவே நன்மையாகிவிடாது என்பதற்கு இதனினும் கடுமையான பாடம் வேண்டியதில்லை.

காதடைப்பான், கண்மூடி, லாவெண்டர் தைல வாசனை, பாத மஸாஜ், இனிய இசை ஆகியவற்றைப் பற்றி இருதயப் பிரிவுகளில் செய்த ஆய்வுகள் ஈரானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ஏராளமாக வந்துகொண்டிருக்கின்றன. அநேகமாக எல்லாமே அநுகூலமான முடிவைச் சொல்கின்றன. அநேகமாக எல்லாமே சிறியவை. கண்ணில் மூடி போட்டிருப்பது போட்டவருக்குத் தெரியாமலிராது என்பதால் மனப்பிராந்தியை விலக்கவும் வழியில்லை. காக்ரேன் தொகுப்பினர் 2015-இல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த இத்தகைய 30 பரிசோதனைகளைச் சலித்துப் பார்த்துச் சான்றின் தரம் தாழ்ந்தது என்றே தீர்ப்பளித்தனர். விலை அற்பம், தீங்கு இல்லை. ஆகவே கேட்பவருக்குக் கொடுக்கலாம். ஆனால் நோயாளியின் காதில் பஞ்சை வைத்துவிட்டு வார்டில் உரத்துப் பேசுவதை நிர்வாகம் ஒரு சீர்திருத்தமாகக் கணக்கிடலாகாது.

தூக்க மருந்தின் விஷயத்தில் நான் கண்டிப்பான கட்சி. பென்ஸோடையஸிபைன் வகை மாத்திரைகள் கண்ணை மூடவைக்கும். ஆழ்ந்த நித்திரையைக் குறைக்கும். முதியவருக்குச் சித்தக் கலக்கத்தை உண்டாக்கும். மூச்சடைப்புள்ளவரின் மூச்சை மேலும் தளர்த்தும். நடு இரவில் எழுந்தவரைத் தரையில் வீழ்த்தும். வேறு வழிகளையெல்லாம் பார்த்துவிட்டு, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு என்ற நிபந்தனையோடன்றி அவை இருதய வார்டில் இடம்பெறுதல் தகாது.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் எட்மண்டன் நகரில் மாரடைப்பு நோயாளிகள் 628 பேரின் பதிவேடுகளைப் பார்த்தபோது, வெயில் வரும் அறைகளில் இருந்தவர்களைவிட மங்கிய அறைகளில் இருந்தவர்களிடையே மரணம் அதிகமாயிருந்ததென்று 1998-இல் எழுதினார்கள். பதிவேட்டைப் புரட்டிக் கண்ட சம்பந்தத்தைக் காரண காரியமாகக் கொள்ள முடியாது. ஆயினும் உடலின் கடிகாரத்தைத் திருத்துவது பகலொளியே என்பது நிச்சயம். பகலெல்லாம் திரையை இழுத்துவிட்டு இரவெல்லாம் குழல்விளக்கை எரிப்பது எந்தச் சாஸ்திரத்துக்கும் பொருந்தாது.

யேல் பல்கலைக்கழகத்து இருதய வைத்தியர் ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் 2013-இல், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்கள் சில வாரம் எல்லா வியாதிக்கும் எளிதில் ஆளாகும் பலவீனத்தோடு இருக்கிறார்கள் என்று சொல்லி அதற்கு ஒரு பெயரும் இட்டார். அக்காலத்தில் அமெரிக்காவில் மெடிகேர் காப்பீடு பெற்ற முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முப்பது நாளைக்குள் மறுபடி அனுமதிக்கப்பட்டார். பெரும்பாலும் முதலில் வந்த வியாதிக்கன்று, வேறொன்றுக்கு. இழந்த உறக்கமும் அதற்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார்.

ஆதலால் இருதய வார்டை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: மாலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு நோயாளியின் கேஸ் ஷீட்டிலும், இன்றிரவு இவரை எதற்காகவேனும் எழுப்ப வேண்டுமா என்ற ஒரு வரிக்கு வைத்தியர் தம் கையால் விடை எழுதட்டும். வாசகர்களில் எவரேனும் உறவினரை அந்த வார்டில் சேர்த்திருந்தால், வீட்டிலிருந்து தூக்க மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். அவர் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுவதை வீட்டில் கண்டதுண்டானால், அதைக் கேட்கப்படும் வரை காத்திராமல் வைத்தியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.